நிலம், தீர்வை, தறி: இளம் அமெரிக்கக் குடியரசில் பருத்திப் பொருளாதாரம் உருவான வரலாறு (1790–1838)

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்ககால வரலாற்றை எழுதியோர் பலரும் அந்நாட்டை இரண்டு உலகங்களாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வடக்கே ஆற்றுநீரில் ஓடிய ஆலைகளும் கூலி வேலையும் வளரும் நகரங்களும். தெற்கே தோட்டங்களும் அடிமை முறையும் பழம்பெருமை பேசிய நிலவுடைமைக் குடும்பங்களும். வடக்கை வருங்காலமாகவும் தெற்கைப் பழமையின் மிச்சமாகவும் கொண்டால், 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் எளிதில் விளங்கிவிடுவதாகத் தோன்றும்.

1790 முதல் 1838 வரையிலான காலத்துக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். பஞ்சாலையும் உள்நாட்டுப் பருத்தித் தோட்டமும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் தோன்றின. தோட்டத்தின் விளைச்சலை ஆலை நூற்றது. ஆலையின் துணி தோட்டத்துக்கே திரும்பிப் போனது. இரண்டுக்கும் வேண்டிய நிலத்தையும் சந்தையையும் கூட்டாட்சி அரசு தன் படையாலும் சட்டத்தாலும் ஏற்படுத்திக் கொடுத்தது. நில விரிவாக்கத்தையும் சுங்கத் தீர்வையையும் அடிமை முறை பற்றிய அரசியல் உடன்பாடுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் இந்தப் பிணைப்பு புலப்படுகிறது.

வடக்கே நூற்பு, தெற்கே அரவை

பருத்தி நூற்கும் எந்திரங்களின் நுட்பம் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பதில் பிரிட்டன் கண்டிப்பாக இருந்தது. எந்திர ஏற்றுமதியையும் தேர்ந்த தொழிலாளர் வெளிநாடு போவதையும் சட்டம் தடுத்தது. டெர்பிஷயரில் ஜெடடையா ஸ்ட்ரட்டிடம் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் அந்தத் தடையை மீறிக் கப்பலேறினார். ஆர்க்ரைட் எந்திரத்தின் அமைப்பை அவர் மனத்திலேயே கொண்டுபோனார். ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் வணிகர் மோசஸ் பிரவுன் முதலீடு செய்ய, 1790 டிசம்பரில் நீர்விசையால் கதிர்கள் சுழன்றன. முதலில் வேலைக்கு வந்தவர்கள் 7 முதல் 12 வயது வரையிலான சிறுவர் சிறுமியர்.

பிரவுன் குவேக்கர் சமயத்தவர். தம்மிடமிருந்த அடிமைகளை விடுவித்து, அடிமை வணிகத்தை எதிர்த்துப் பாடுபட்டவர். அவர் முதலீட்டில் தொடங்கிய தொழிலோ அடிமைகள் விளைவித்த பருத்தியைக் கொண்டே வளர்ந்தது. தனிமனிதரின் நல்லெண்ணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அதனால் இந்தப் பிணைப்பை அறுக்க முடியவில்லை என்பதற்கு இதுவே முதல் சான்று.

தெற்கே இரு வகைப் பருத்தி இருந்தது. நீண்ட இழைப் பருத்தி ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்திலும் தீவுகளிலுமே செழித்தது. அதன் கொட்டையை உருளைகளால் எளிதில் பிரிக்கலாம். உள்நாட்டு மேட்டு நிலங்களில் விளையக்கூடிய குட்டை இழைப் பருத்தியிலோ பச்சைக் கொட்டையைப் பஞ்சு இறுகப் பற்றியிருக்கும். ஒருவர் நாள் முழுதும் கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவதே அரிது. 1793இல் ஜார்ஜியாவின் மல்பெரி குரோவ் தோட்டத்தில் எலி விட்னி செய்த அரவை எந்திரம் இந்த முடிச்சை அவிழ்த்தது. உருளையில் பதித்த கம்பிப் பற்கள் குறுகிய இடுக்குகள் வழியே பஞ்சை இழுக்க, இடுக்கில் நுழைய முடியாத கொட்டை உதிர்ந்தது. கையால் சுற்றும் சிறிய எந்திரமே நாளொன்றுக்குச் சுமார் 50 பவுண்டு பஞ்சு தந்தது. 1794 மார்ச்சில் விட்னிக்குக் காப்புரிமை கிடைத்தபோதும், அதைப் பார்த்துச் செய்தவர்களைத் தடுக்க அவரால் இயலவில்லை. 1790இல் சுமார் 15 லட்சம் பவுண்டாக இருந்த நாட்டின் பருத்தி விளைச்சல் 1800இல் சுமார் 3.5 கோடி பவுண்டை எட்டியது.

அரவை எளிதானதும் தட்டுப்பாடு வேறு இரண்டுக்கு வந்தது: விதைக்க நிலம், களையெடுத்துப் பறிக்க ஆள். அடுத்த நாற்பதாண்டு அரசியலின் பெரும்பகுதி இவ்விரண்டையும் தேடியதாகவே அமைந்தது.

நிலமும் ஆளும்

1803இல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. சுமார் 8,28,000 சதுர மைல் பரப்பு சேர்ந்து, நாடு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. நெப்போலியன் அதை விற்க முன்வந்த காரணம் கவனிக்கத்தக்கது. இன்றைய ஹைட்டியில் அடிமைகள் நடத்திய புரட்சியும் மஞ்சள் காய்ச்சலும் அவர் அனுப்பிய படையின் பெரும்பகுதியை அழித்தன. அத்தீவின் கரும்புத் தோட்டங்களை மீட்கும் நம்பிக்கை போன பிறகு, அவற்றுக்கு உணவும் மரமும் தரும் பின்னிலமாக எண்ணிய லூசியானாவால் அவருக்குப் பயனில்லை. நிலம் வாங்கும் அதிகாரம் அரசமைப்பில் வெளிப்படையாக இல்லை என்பதை அறிந்த குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் திருத்தம் ஒன்றை எழுதிப் பார்த்தார்; வாய்ப்பு நழுவிவிடும் என்று அஞ்சி அதைக் கைவிட்டார். அடிமைகள் தம் விடுதலைக்காகச் சிந்திய இரத்தத்தால் மலிவாகக் கிடைத்த நிலத்தில் அடிமை முறை வேரூன்றியது.

பருத்திக்கு மிக உகந்த கரிசல் மண் இந்தக் கொள்முதலுக்கு வெளியே, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்தது. அங்கே கிரீக், சாக்டா, சிக்கசா, செரோக்கி மக்கள் வாழ்ந்தார்கள். 1814 மார்ச்சில் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் ஆண்ட்ரூ ஜாக்சன் கிரீக் படையை முறியடித்தார். ஆகஸ்டில் கையெழுத்தான ஃபோர்ட் ஜாக்சன் உடன்படிக்கை 2 கோடிக்கும் மேற்பட்ட ஏக்கரைப் பறித்தது. ஜாக்சனோடு தோள்சேர்ந்து போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் போயிற்று. 1817இல் மிசிசிப்பியும் 1819இல் அலபாமாவும் மாநிலங்களாயின. 1820இன் நிலச் சட்டம் அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலையை ஏக்கருக்கு 1.25 டாலராகக் குறைத்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 ஜனவரி 1 முதல் சட்டம் தடை செய்தது. அதனால் அடிமை முறை தளரவில்லை. சந்தை உள்நாட்டுக்குத் திரும்பியது. புகையிலை மண் சத்திழந்த வர்ஜீனியா, மேரிலாந்து மாநிலங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் தெற்கே விற்கப்பட்டார்கள். சங்கிலியில் பிணைத்து நடத்திச் சென்றவர்கள் பலர். நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் பலர். 1790க்கும் 1860க்கும் இடையே சுமார் 10 லட்சம் பேர் இப்படி இடம்பெயர்க்கப்பட்டார்கள். தாயைப் பிள்ளையிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்த இந்த விற்பனையைப் பொருளாதார வரலாற்றின் ஒரு பத்தியாக எழுதிக் கடப்பது நேர்மையாகாது. பருத்தி விலையின் ஒவ்வோர் ஏற்றத்திலும் இந்தப் பிரிவின் கணக்கு அடங்கியிருந்தது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1830இல் சுமார் 20 லட்சமாயிற்று.

1816இன் தீர்வை

1807இன் வணிகத் தடைச் சட்டமும் 1812–15 போரும் பிரிட்டிஷ் துணியின் வரவை அடைத்தன. போட்டியற்ற அந்த இடைவெளியில் நியூ இங்கிலாந்தில் நூற்பாலைகள் பெருகின. பாஸ்டன் வணிகர் பிரான்சிஸ் கேபட் லோவெல் பிரிட்டனில் விசைத்தறியைக் கவனித்துத் திரும்பி, பால் மூடி என்ற எந்திர வல்லுநரின் துணையோடு அதை வால்தமில் உருவாக்கினார். 1813இல் தொடங்கிய பாஸ்டன் உற்பத்திக் கழகத்தின் ஆலையில் பஞ்சு ஒரு புறம் நுழைந்து துணியாக மறுபுறம் வெளிவந்தது. நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் விசையால் நடந்த முதல் அமெரிக்க ஆலை அது.

அமைதி திரும்பியதும் பிரிட்டிஷ் சரக்கு மீண்டும் வந்து குவிந்தது. வால்தம் ஆலை நெய்த முரட்டுக் காடாத் துணிக்கு இன்னொரு போட்டியும் இருந்தது: இந்தியக் கைத்தறித் துணி. பிரிட்டனுடன் 1794இல் ஏற்பட்ட ஜே உடன்படிக்கைக்குப் பின் சேலம், பாஸ்டன் நகரக் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து துணி ஏற்றிச் சென்றன. மலிவான இந்தியத் துணி நியூ இங்கிலாந்துக் கடைகளில் நன்கு விற்றது.

1816இன் தீர்வைச் சட்டம் பருத்தித் துணிக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. அதோடு ஒரு விதியும் சேர்ந்தது: கெஜம் 25 சென்டுக்குக் குறைந்த எந்தத் துணியையும் 25 சென்ட் மதிப்புடையதாகவே கொண்டு வரி கணக்கிட வேண்டும். ஆக, கெஜத்துக்கு 6.25 சென்ட் கட்டாயம். 10 சென்ட் துணி என்றால் உண்மையான வரி 62.5 விழுக்காடு. உயர்ந்த பிரிட்டிஷ் துணிக்குச் சுமை பெரிதில்லை. மலிந்த இந்தியத் துணிக்கோ அது கதவடைப்பு. இந்த விதியின் மூலகர்த்தா லோவெல் என்று அவருடைய பங்காளி நேதன் ஆப்பிள்டன் பின்னாளில் எழுதினார். வாஷிங்டனில் தங்கி, தென் கரோலினா உறுப்பினர்களான வில்லியம் லவுண்டஸையும் ஜான் கல்ஹூனையும் லோவெல் சந்தித்துப் பேசினார். இந்தியத் துணி இந்தியப் பருத்தியில் நெய்தது, தம் துணியோ தெற்கின் பருத்தியில் நெய்தது என்ற வாதம் தோட்டக்காரர்களின் நலனோடு ஒத்துப்போனது.

வட ஆலையின் காப்புத் தீர்வையை பின்னாளில் அடிமை முறையின் முன்னணி ஆதரவாளராக விளங்கிய கல்ஹூன் தாங்கிப் பேசினார். கப்பல் வணிகர்களின் குரலாக இருந்த நியூ ஹாம்ப்ஷயரின் டேனியல் வெப்ஸ்டர் எதிர்த்தார். வடக்கு, தெற்கு என்ற கோடு அன்று இருந்திருந்தால் இருவரும் இடம் மாறியல்லவா நின்றிருக்க வேண்டும்? பருத்தி அன்று அவர்களைப் பிரிக்கவில்லை. ஆலைக்காரரையும் தோட்டக்காரரையும் ஒரே தரப்பில் சேர்த்தது. சோழமண்டலக் கரையிலும் வங்கத்திலும் தறி நெய்தவர்கள், தங்களைக் கேளாமல் நடந்த இந்தப் பேரத்தில் ஒரு சந்தையை இழந்தார்கள்.

லோவெல் நகரம்

லோவெல் 1817இல் இறந்தார். அவருடைய பங்காளிகள் மெரிமாக் ஆறு 30 அடிக்கும் மேல் விழுந்தோடும் இடத்தில் நிலம் வாங்கி, கால்வாய் வெட்டி, 1823இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். சில விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்த அந்த இடம் 1826இல் லோவெல் என்னும் ஊராகவும் 1836இல் நகராட்சியாகவும் வளர்ந்தது. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன் பண்ணைகளிலிருந்து வந்த இளம் பெண்கள் ஆலை நிறுவனங்களின் விடுதிகளில் தங்கி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் உழைத்தார்கள். அவர்களில் பலர் கையில் ரொக்கக் கூலி பெற்றது அதுவே முதல் முறை. 1834இல் கூலிக் குறைப்பையும் 1836இல் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, விடுதலைப் போராட்டத்தில் நின்றோரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று உரிமையோடு சொன்னார்கள்.

தங்களை அடிமைகளாக நடத்தக் கூடாது என்று அவர்கள் முழங்கிய அதே ஆலைகளிலிருந்து முரட்டுத் துணி தெற்குத் தோட்டங்களுக்குப் போயிற்று. அடிமைகளுக்கு உடுத்தத் தருவதற்கென்றே ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் தனி ரகங்கள் நெய்யப்பட்டன. முன்னாள் அடிமைகளின் வாய்மொழிப் பதிவுகளில் ‘லோவெல்’ என்பது நகரத்தின் பெயராக அல்லாமல் உடல் உறுத்தும் துணியின் பெயராகவே வருகிறது.

உடன்பாடும் உடைவும்

நிலம் விரிய விரிய, புதிய மாநிலங்களில் அடிமை முறை செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. 1819இல் இரு தரப்பிலும் மாநிலங்கள் பதினொன்று பதினொன்றாக இருந்தன. மிசௌரியில் அடிமை முறையை ஒடுக்க நியூயார்க்கின் ஜேம்ஸ் டால்மேஜ் கொண்டுவந்த திருத்தம் பெரும் புயலைக் கிளப்பியது. மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்து, லூசியானா நிலத்தின் எஞ்சிய பகுதியில் 36°30′ அட்சக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறையைத் தடுத்து, 1820இல் காங்கிரஸ் உடன்பாடு கண்டது.

1820களில் பருத்தி விலை சரிந்தபோது தீர்வைக் கூட்டணி உடைந்தது. தங்கள் பருத்தியின் பெரும்பகுதியை பிரிட்டனுக்கு விற்ற தோட்டக்காரர்கள், 1828இன் உயர்ந்த தீர்வையைத் தங்கள் மீது விழுந்த வரியாகக் கண்டார்கள். அன்று துணைக் குடியரசுத் தலைவராக இருந்த கல்ஹூன், அதை எதிர்க்கும் சாசனத்தைப் பெயர் வெளியிடாமல் எழுதினார். வெப்ஸ்டர் தீர்வையின் காவலரானார். 1832 நவம்பரில் தென் கரோலினா தன் எல்லைக்குள் தீர்வைச் சட்டம் செல்லாது என்று அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஜாக்சன் படைபலம் காட்ட முனைந்தார். 1833 மார்ச்சில் ஹென்றி கிளேயின் சமரசத் தீர்வை நெருக்கடியைத் தணித்தது.

அதே 1832இல் இன்னொரு மாநிலமும் கூட்டாட்சி அதிகாரத்தை மீறியது. செரோக்கி மக்கள் எழுத்து முறையும், 1827இல் எழுதிய அரசமைப்பும், 1828 முதல் சொந்த வார இதழும் கொண்டவர்கள். அவர்கள் மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜார்ஜியா அதைப் புறக்கணித்தது. ஜாக்சன் அதைச் செயல்படுத்த எந்த முயற்சியும் எடுக்கவில்லை. தீர்வையை மீறிய மாநிலத்துக்குப் படை மிரட்டல், பழங்குடி நிலத்துக்காகத் தீர்ப்பை மீறிய மாநிலத்துக்கு மௌன இசைவு: கூட்டாட்சி அரசு எதைக் காக்க எழும், எதைக் கைவிடும் என்பதை இந்த ஓராண்டு போல வேறெதுவும் காட்டவில்லை. 1830இல் கீழவையில் 102க்கு 97 என்ற மெல்லிய பெரும்பான்மையில் தேறிய இந்தியர் வெளியேற்றச் சட்டம், 1838இல் செரோக்கிகளைத் துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தியது. சுமார் 16,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

முடிவுரை

1837இன் நிதி நெருக்கடி இந்தப் பொருளாதாரத்தின் ஒருமையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. லண்டனில் கடன் இறுகி, பருத்தி விலை வீழ்ந்து, நியூ ஆர்லியன்ஸ் வணிக நிறுவனங்கள் சாய்ந்தபோது, அந்த அதிர்ச்சி அங்கேயே நின்றுவிடவில்லை. மே 10 அன்று நியூயார்க் வங்கிகள் பணத்துக்குப் பொன் வெள்ளி தருவதை நிறுத்தின. இரண்டு தனி உலகங்கள் இப்படிச் சேர்ந்து விழுவதில்லை.

ஆகவே வடக்கின் தொழில் எழுச்சியைத் தன் முயற்சியால் மட்டும் விளைந்த சாதனையாகவும், தெற்கின் அடிமை முறையைத் தனித்ததொரு பிறழ்வாகவும் எழுதுவதைக் கைவிட வேண்டும். ஸ்லேட்டரின் நுட்பமும் லோவெலின் கூர்மதியும் உண்மையானவை. அவை பலித்ததற்குத் தீர்வைச் சுவரும், பறித்த நிலமும், கூலியற்ற உழைப்பும் அடிப்படையாக இருந்தன; அந்த அடிப்படையைக் காங்கிரஸின் வாக்குகளும் அரசின் படைகளும் அமைத்தன. 1861இல் மோதிக்கொண்ட இரு தரப்பும் அதற்கு முன் நாற்பதாண்டுகள் ஒரே பருத்தியால் செழித்தவர்கள். அடிமை முறையின் பொறுப்பைத் தெற்கின் மேல் மட்டும் சுமத்தும் வரலாறு, அதன் ஆதாயத்தில் பங்குகொண்ட பாஸ்டனையும் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகிறது. கிரீக்குகளும் செரோக்கிகளும், விற்கப்பட்ட பத்து லட்சம் பேரும் அந்தக் கணக்கு முழுமையாக எழுதப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை உடையவர்கள்.