கிராம எல்லையும் தோட்ட எல்லையும்: இலங்கையின் அதிகாரப் பரவலாக்கல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையில் அதிகாரப் பரவலாக்கல் பற்றி எழுந்துள்ள விவாதங்களைத் தொகுத்து நோக்கின், அவை பெரும்பாலும் ஒரு வினாவைச் சுற்றியே அமைந்திருத்தலைக் காணலாம். கொழும்பிலுள்ள மத்திய அரசாங்கம் தன்வசமுள்ள அதிகாரங்களுள் எவற்றை, எந்த மட்டத்து நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்திலிருந்து 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் வரை நமது அரசியல் வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் பல இவ்வினாவோடு பிணைந்தவை. அதன் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதற்கு முற்பட்ட வேறொரு வினாவும் உண்டு. இறங்கி வரும் அதிகாரத்தைப் பெறுவதற்குரிய ‘உள்ளூர் மக்கள்’ யாவர்? அவர்களை வரையறுப்பது எது? மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றினூடாக இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்ற ஆட்சியாளர் கிராம மட்டத்து நிறுவனங்களுக்குச் சட்டவடிவம் கொடுத்தமைக்குத் தெளிவான பொருளாதாரக் காரணம் இருந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் நெற்காணிகளுக்குரிய நீரைப் பங்கிடும் பழைய வழக்காறுகளுக்கு உயிரூட்ட முனைந்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் சட்டம் கிராமச் சங்கங்களையும் கிராம நீதிமன்றுகளையும் அமைத்தது. குளம், வாய்க்கால், பாதை ஆகியவற்றைப் பேணும் செலவையும் உழைப்பையும் கிராமத்தவரே ஏற்குமாறு செய்தல், குறைந்த செலவில் ஆட்சி நடத்த விரும்பிய அரசுக்கு வாய்ப்பாக அமைந்தது.

இதே காலப்பகுதியில் மலைநாட்டில் முற்றிலும் வேறான ஓர் அமைப்பு வேரூன்றிக்கொண்டிருந்தது. முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலையும் பெருந்தோட்டப் பயிர்களாயின. தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர் லயன் காம்பிராக்களிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் உழைத்த நிலமும் உறங்கிய அறையும் ஒரே உடைமையாளனுக்கு உரியன. பாதை, நீர், மருந்து, பள்ளிக்கூடம் ஆகிய யாவும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பெனக் கொள்ளப்பட்டன. மலையக நாட்டார் பாடல்களில் அதிகாரத்தின் முகங்களாகத் தோன்றும் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோர் இவ்வமைப்பின் படிநிலைகளேயாவர். கிராமம் பொது ஆட்சியின் ஓர் அலகாகவும், தோட்டம் தனியார் ஆட்சியின் ஓர் அலகாகவும் அருகருகே இயங்கின.

இப்பிரிவு வெளிப்படையான அரசியற் பிரச்சினையானது 1930களிலாகும். 1931ஆம் ஆண்டின் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கிய பின்னர், கிராமச் சங்கங்களின் வாக்குரிமையையும் விரிவாக்கும் தேவை எழுந்தது. உள்ளூராட்சி அமைச்சராயிருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. 1926இல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றதென வாதித்தவர் அவர். அவர் அமைச்சராயிருந்தபொழுது நிறைவேறிய 1938ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கிராமச் சங்கங்களின் அடித்தளத்தை விரிவாக்கியது. அதே வேளையில் தோட்டத் தொழிலாளரை அவ்வாக்குரிமைக்குப் புறம்பாக்கியது. ‘இந்திய’ தொழிலாளர் என வெளிப்படையாகக் கூறுவது இனப்பாகுபாடென ஆட்சேபிக்கப்பட்டதனால், தோட்டங்களில் வதியும் தொழிலாளர் என்னும் பொதுச் சொல்லினால் அவ்விலக்கு நிறைவேற்றப்பட்டது.

இச்சொல் மாற்றம் ஊன்றி நோக்கற்பாலது. இனவாத நோக்குடைய ஒரு விலக்கு, சட்டத்திற் பதிவாகும்பொழுது ஒரு வர்க்க விலக்காக உருமாறியது. கிராமத்து நிலவுடைமையாளருக்கும் தோட்ட முதலாளிமாருக்கும் அது ஒருசேர உகந்ததாயிருந்தது. தொழிலாளரின் வாக்குகள் தம் சங்கத்திற் செல்வாக்குப் பெறுமென முன்னவர் அஞ்சினர். தமது உடைமையின் எல்லைக்குள் பொதுநிறுவனமொன்று நுழைவதைப் பின்னவர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டில், நேரு இலங்கைக்கு வந்திருந்த வேளையில், இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிய சூழலில் இத்தகைய விலக்குகளுக்கும் பங்குண்டு.

எனவே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வெறுமையிலிருந்து பிறந்ததன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட எழுவர் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பிற் பாராளுமன்றம் சென்றனர். கிராமச் சங்க மட்டத்திற் பரீட்சிக்கப்பட்ட விலக்கு, 1948–49 காலப்பகுதிச் சட்டங்களினால் நாடு தழுவியதாக்கப்பட்டது. உள்ளூரில் உரிமையற்றவராயிருந்தோர் நாடற்றவராயினர்.

அதிகாரப் பகிர்வுக்கான முதற் பெரும் முயற்சியிலும் இவ்விடைவெளி புலப்படுகிறது. 1957ஆம் ஆண்டு ஒப்பந்தம் விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம் முதலிய துறைகளிற் பிராந்திய சபைகளுக்கு அதிகாரம் வழங்குவது பற்றி விரிவாகப் பேசியது. மலையக மக்களின் பிரசாவுரிமை தொடர்பாகவோ, விரைவிற் கவனிக்கப்படும் என்னும் உறுதிமொழியே கிடைத்தது. 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டதோடு அவ்வுறுதிமொழியும் மறைந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் 1974இல் சமபாதியாகத் தீர்க்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

இவ்விடத்தில் இடதுசாரி இயக்கத்தின் பங்கினையும் நாம் தயக்கமின்றி மதிப்பிடுதல் வேண்டும். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தமை இடதுசாரிகளின் வரலாற்றிற் பெருமைக்குரிய பக்கமாகும். ஆனால் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைச் செய்த கூட்டரசாங்கத்தில் இலங்கைச் சமசமாஜக் கட்சி இடம்பெற்றிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அது முற்போக்கான நடவடிக்கையே. எனினும் உடைமையாளர் மாறியபொழுதும் தோட்டத்தின் உள்ளாட்சி முறை மாறவில்லை. தொழிலாளர் குடியிருந்த அறை அவர்களுக்கு உரித்தாகவுமில்லை. தோட்டம் கிராம சபையின் ஆளுகைக்குள் வரவுமில்லை. அரசுடைமை என்பது தன்னளவில் மக்கள் அதிகாரமாகிவிடும் என்ற எண்ணம் இங்கு பொய்த்தது.

1980களில் உள்ளூராட்சி அமைப்பே மாற்றியமைக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 24 மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றின. அவற்றுக்கு இடமளித்து 1981இல் 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. பரவலாக்கல் என்னும் பெயரில் மக்களுக்கு மிக அண்மையிலிருந்த நிறுவனங்கள் அகற்றப்பட்டன. அவ்வெற்றிடத்தை நிரப்ப 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாக நடைமுறையில் அமைந்தது. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கக்கூடிய சபை, அத்தோட்டத்து லயனுக்குச் செல்லும் பாதையைத் திருத்த இயலாதிருந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தினாற் பிரசாவுரிமை பெற்ற தொழிலாளர் 1991ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து பிரதேச சபைகளுக்கு வாக்களித்தனர், உறுப்பினராகவும் தெரிவாகினர். ஆயின் தாம் தெரிவு செய்த சபையின் சேவை தோட்ட வாயிலோடு நின்றுவிடுவதை அவர்கள் கண்டனர்.

அதே ஆண்டில் வந்த பதின்மூன்றாம் திருத்தம் இத்தடையை நீக்கியிருக்கலாமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். உள்ளூராட்சி நிறுவனங்களுக்கு மேலதிக அதிகாரங்களை வழங்கும் தத்துவத்தை அத்திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்திருந்தது. எனினும் தடை நீங்கியது 2018இல், பாராளுமன்றம் இயற்றிய 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினாலேயே. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. அதிகாரம் ஒரு படி கீழே இறங்கினாலும், உடைமை உறவுகள் வகுத்த எல்லையைத் தானாகக் கடப்பதில்லை. அதனைக் கடக்கச் செய்தது நீண்டகாலத் தொழிற்சங்க, அரசியற் கோரிக்கைகளேயாகும். இக்காலத்திலேயே நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பெரும் பிரதேச சபைகள் இரண்டும் பிரிக்கப்பட்டு ஆறு சபைகளாக்கப்பட்டன. அதற்கு முன்னர் அவ்விரு பிரதேசங்களிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர்.

இம்மாற்றங்களை நாம் வரவேற்கிறோம். ஆயினும் 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயன்கள் நிற்கும் நிலம் குத்தகைக் காணியாகவே உள்ளவரை, சபை அமைக்கும் ஒவ்வொரு பாதையும் தோட்ட நிருவாகத்தின் இணக்கத்தை எதிர்நோக்கியே இருக்கும். மாகாண சபைகளோ 2017க்கும் 2019க்கும் இடையிற் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலின்றி நெடுங்காலம் ஆளுநர்களின் கையில் விடப்பட்டன. மேலிருந்து வழங்கப்பட்ட அதிகாரம் எத்துணை எளிதில் மீளப் பெறப்படலாம் என்பதற்கு இது சான்று.

ஆதலால் அதிகாரப் பகிர்வுக்காகக் குரல் கொடுப்போர், கொழும்புக்கும் மாகாணத்துக்குமிடையிலான உறவோடு தமது ஆய்வை நிறுத்திவிடலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் கிராம சபைகளை எச்சாதியினர், எவ்வர்க்கத்தினர் ஆண்டனர் என்னும் வினாவும் இதனோடு சேர்த்து ஆராயப்பட வேண்டியதே. மலையகத்தைப் பொறுத்தவரை கோரிக்கை தெளிவானது: குடியிருக்கும் நிலத்தின் உரித்து, அந்நிலம் அடங்கிய கிராமத்துக்கான அங்கீகாரம், அக்கிராமத்தை ஆளும் சபையின் முழுச் சேவை. இவை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்வரை 1938இல் வரையப்பட்ட எல்லைக்கோடு முற்றாக அழிந்துவிட்டதென நாம் கூறவியலாது.