வேகத்துக்கு ஒரு விலை உண்டு

கோவில்பட்டிப் பக்கம் 'வோல்டேஜ்' என்ற வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டியூப்லைட் கண் சிமிட்டினால் 'லோ வோல்டேஜ்'. ஃபேன் திடீரென்று பறந்தால் 'ஹை வோல்டேஜ்... டி.வி. பிளக்கைப் பிடுங்கு!'

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மதியம், அங்கே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரி மாணவன் ஒருவன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ராத்திரி நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. மத்தியானம் ஆனா தானா ஆஃப் ஆயிருது."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "வோல்டேஜ் ஏத்துனியாடே?"

பையன் தரையைப் பார்த்தான்.

அவர் சொன்னது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அல்ல. அதை 'பவர் சப்ளை' 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. மதர்போர்டு அதை இன்னும் குறைத்து, கிட்டத்தட்ட ஒன்றேகால் வோல்ட்டாக பிராசஸருக்கு ஊட்டுகிறது. கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் பிராசஸரை விரட்டுவதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங். ஓரளவுக்கு மேல் அது தள்ளாடும். அப்போது வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் நிமிர்ந்து ஓடும். கூடவே சூடாகும்.

எவ்வளவு சூடு? வேகம் கூடும் அளவுக்கு மின்செலவும் கூடும். ஆனால் வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்துக்குக் கூடும். இரண்டையும் பத்துப் பத்து சதவிகிதம் ஏற்றிப் பாருங்கள். 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 33 சதவிகிதம் கூடுதல்! பத்து ரூபாய் லாபத்துக்கு முப்பத்து மூன்று ரூபாய் செலவு. நம் ஊர் வியாபாரி யாராவது ஒப்புக்கொள்வாரா?

இந்தக் கணக்கைக் கம்பெனிகளும் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1993-ல் இன்டெல் முதல் பென்ட்டியத்தை வெளியிட்டது. அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர் புனேயில் பிறந்த வினோத் தாம். 66 மெகாஹெர்ட்ஸ் வேகம், 5 வோல்ட், அதிகபட்சம் 16 வாட். அந்தக் காலத்துக்கு அது அடுப்பு. அடுத்த வருடமே இரண்டாம் தலைமுறை வந்தது. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கி, வோல்டேஜை 3.3-ஆக இறக்கினார்கள். வேகம் 100 மெகாஹெர்ட்ஸ் ஆனது. சூடோ சுமார் 10 வாட்! வோல்டேஜை இறக்கி வேகத்தை ஏற்றியிருக்கிறார்கள், கவனித்தீர்களா?

ஓவர்க்ளாக்கர்களின் பொற்காலம் 1998-ல் வந்தது. செலரான் 300ஏ என்ற மலிவான பிராசஸர். பெயருக்கு 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் 66 என்றிருப்பதை 100 என்று மாற்றினால் 450-ல் ஓடியது. பலருக்கு வோல்டேஜைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. ஏழைக்குக் கிடைத்த புதையல்! அதன் பிறகு, எல்லா பிராசஸருக்குள்ளும் ஒரு புதையல் ஒளிந்திருப்பதாக உலகமே நம்பத் தொடங்கிவிட்டது.

இன்டெல்லும் நம்பியது. பென்ட்டியம் 4-ஐ மேலே மேலே விரட்டியது. டிரான்சிஸ்டர் சிறிதானாலும் வோல்டேஜ் முன்போல இறங்க மறுத்தது. சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. 2004-ல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்ட்டியம் 4 கைவிடப்பட்டது. அன்றைய தலைவர் கிரெய்க் பாரெட், அமெரிக்காவில் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கையாகத்தான். ஆனாலும் மண்டியிட வைத்தது சூடு.

பாடம் மறந்துபோவதும் உண்டு. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பிராசஸர்கள் சில, வாங்கிய சில மாதங்களிலேயே தடுமாறின. தேவைக்கு மேல் வோல்டேஜை பிராசஸரே கேட்டு வாங்கிக்கொண்டதுதான் முக்கியக் காரணம். அந்த ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். வாரன்ட்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள்.

சரி, நம் பையனின் கம்ப்யூட்டர் மத்தியானம் மட்டும் ஏன் படுத்தது? காற்றால் குளிரும் பிராசஸர், அறையைவிடக் குளிர முடியாது. 26 டிகிரி அறையில் அது 86-ல் ஓடினால் வித்தியாசம் 60. அதே வேலையை 38 டிகிரி அறையில் கொடுத்தால் 98. பல பிராசஸர்களுக்கு 100-தான் எல்லை. அதை நெருங்கியதும் தானாக வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். கரிசல் புழுதி ஃபேனை அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைக்காரர் புழுதியை ஊதினார். பசை மாற்றினார். வேகத்தை ஒரு படி இறக்கினார். பிறகு வோல்டேஜைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு படியிலும் முழு வேலை கொடுத்துச் சோதித்தார். தள்ளாடிய இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏற்றி நிறுத்தினார். மதியம் மூன்று மணி. கடையில் ஏ.சி. கிடையாது. கம்ப்யூட்டர் அணையவில்லை.

"இங்க ஓடுச்சுன்னா எங்கயும் ஓடும்டே" என்றார்.

நீங்களும் முயல்வதாக இருந்தால் இதை மறக்காதீர்கள். மார்கழி விடியற்காலையில் சோதித்துவிட்டுச் சித்திரை மத்தியானத்தை நம்பாதீர்கள். வோல்டேஜைக் கூட்டுவது கடைசி வழி. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பிகள் மெல்ல மெல்லத் தேயும். இன்று ஓடும், ஒருநாள் ஓடாது.

கோவில்பட்டியில் 1901-லிருந்து ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'கே' என்ற எழுத்தோடு அங்கிருந்து வந்த சோளம், பருத்தி ரகங்கள் மானாவாரி நிலத்துக்கானவை. கொஞ்சம் தண்ணீர், கூடுதல் விளைச்சல் என்பதுதான் அங்கே நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் தேடல். இருப்பதைக் குறைத்துக்கொண்டு அதிகம் எடுப்பது எப்படி என்று கரிசல்காட்டுக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா என்ன?