மச்சமும் மாயப்பேரும்



எதிரணி நண்பர் ஆணித்தரமாகச் சொன்னார். “அந்தக் காலத்துல ஊருக்கு ஒருத்தன் புதுசா வந்தா, எந்த ஊரு, யாரு வீட்டுக்குன்னு கேட்டே ஆளைப் பிடிச்சிருவோம். இப்போ கம்ப்யூட்டருக்குள்ள பொய்ப்பேருல இருக்கிறவனை எவன் கண்டான்?”

அய்யா, மார்த்தாண்ட வர்மா நெய்யாற்றின்கரையில பலாமரப் பொந்துல ஒளிஞ்சாருன்னு கதை சொல்றோமே, தேடி வந்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் ஆட்கள் கண்டுபிடிச்சாங்களா? (சிரிப்பு) அவர் குற்றவாளி இல்லை, ராஜா. ஆனா ஒளிஞ்சவரைப் பிடிக்க முடியலைங்கறது உண்மைதானே!

அன்றைக்கு அடையாளம் என்றால் என்ன? வலது கன்னத்தில் ஒரு மச்சம். பேரை மாற்றிக்கொண்டு அடுத்த தாலுகாவுக்குப் போய்விட்டால் பழைய கேடி புது மனுஷன். இந்தத் தொல்லைக்குத்தான் 1897-ல் கல்கத்தாவில் உலகத்திலேயே முதல் கைரேகைக் கூடம் திறந்தார்கள். ரேகைகளை 1,024 வகையாகப் பிரித்து அடுக்குகிற கணக்கைப் போட உழைத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். உலகம் அதற்கு வைத்த பேரு, வெள்ளைக்கார மேலதிகாரி பேரில் ‘ஹென்றி முறை’. இதுவும் ஒரு ஆள்மாறாட்டம்தானே! (கைதட்டல்)

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். இரணியல் கைத்தறிக்குப் பேர்போன ஊர். வேட்டியில நெய்தவன் பேரை எழுதி வைக்கிறதில்லை. ஆனா விற்ற கடை, கடைக்குக் கொடுத்தவர்னு விசாரிச்சுக்கிட்டே போனா தறி வந்துரும்.

2004, சென்னை. ஒரு பெண்ணின் பேரிலேயே பொய்யாக ஈமெயில் கணக்குத் திறந்து, யாகூ குழுவில் அவரைப் பற்றி அசிங்கமாக எழுதினான் ஒருவன். கண்டவனெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் போன் போட ஆரம்பித்தான். குடும்பத்துக்குத் தெரிந்தவன்தான். கல்யாணத்துக்குக் கேட்டு, அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம்.

பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். அனுப்பின ஒவ்வொரு செய்திக்கும் ஐ.பி. எண் பதிவாகியிருக்கும். அந்த எண் அந்த நேரத்தில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தேடிப் போனது போலீஸ். ஆள் பிடிபட்டது மும்பையில். பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். நவம்பர் 5-ந் தேதி எழும்பூர் நீதிமன்றம் இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை அதுதான். புகார் கொடுத்த அதே வருஷத்தில் தீர்ப்பு! நம்ம ஊரு வரப்புத் தகராறு எத்தனை வருஷம் ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். (சிரிப்பு)

இனி சிரிக்க முடியாத விஷயம். பக்கத்து நாகர்கோவில். சமூக வலைதளங்களில் பெண்களிடம் பழகி, படமெடுத்து மிரட்டிப் பணம் பறித்தவன் 2020-ல் கைதானான். முதலில் துணிந்து புகார் கொடுத்தது ஒரு பெண் மருத்துவர். அதன் பிறகே மற்ற பெண்கள் முன்வந்தார்கள். 2023 ஜூனில் ஆயுள் தண்டனை. அதுவரை அவனை மறைத்து வைத்தது கம்ப்யூட்டரா? ‘அப்பா என்ன சொல்வாரோ’ என்கிற பயம், அய்யா!

நடுவர் அவர்களே, மணி அடிச்சாச்சு, ஒரே நிமிஷம். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அமைப்பு உத்தரவு போட்டது. அதற்கு மேலே இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை ‘சொல்லவா வேண்டாமா’ன்னு தவிக்கிற ஒவ்வொரு நாளும் அந்த 180-லதான் கழியுது.