கப்பல் அறையின் இரண்டாவது படுக்கை

உல்லாசக் கப்பல்களின் கட்டணப் பட்டியலில் ‘ஒருவருக்கு’ என்று போட்டிருக்கும் தொகை, அறையின் விலையில் சரிபாதி. ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் போடப்பட்ட தொகை அது. தனியாக வருபவர் அந்த அறையை எடுத்தால், காலியாகக் கிடக்கும் மற்றப் படுக்கைக்கும் பணம் கட்ட வேண்டும். ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ எனப்படும் இந்தக் கூடுதல் தொகை பல கப்பல்களில் இன்னொரு முழுக் கட்டணமாகவே இருக்கும். கப்பல் பயணத்தின் நீண்ட வரலாற்றோடு ஒப்பிட்டால் இது அண்மைக்கால வழக்கம்தான். நெடுங்காலம் கப்பல் கம்பெனிகள் படுக்கைக் கணக்கில்தான் சீட்டு விற்றன. தனியாக வந்தவர் ஒரு படுக்கைக்குப் பணம் கட்டினார்; அடுத்த படுக்கையில் படுக்கப்போவது யார் என்பது பெரும்பாலும் கப்பலேறிய பிறகுதான் அவருக்குத் தெரியும்.

குனார்ட் கம்பெனியின் ‘பிரிட்டானியா’ 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டபோது அதில் 115 பேருக்கு இடம் இருந்தது. 1842 ஜனவரியில் மனைவியோடு அதில் சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறைக்குள் பெட்டிகளைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை என்று தம் அமெரிக்கப் பயணநூலில் கேலி செய்திருக்கிறார். கணவன் மனைவிக்கே அந்த நிலை என்றால், முன்பின் அறியாத இருவர் அப்படிப்பட்ட அறையில் வாரக்கணக்கில் ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டுக்கொண்டு கிடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

கீழ்த்தட்டில் சென்ற குடியேறிகளுக்கு அறை என்ற பேச்சே கிடையாது. அங்கே தனியாள் என்பது கட்டணத்தைப் பொறுத்த விஷயமாக இல்லாமல் ஒழுக்கத்தைப் பொறுத்த விஷயமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு உதவியோடு ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பல்களில் மணமாகாத ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், மணமாகாத பெண்கள் ஒரு மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் பின்பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். 1912-இல் ‘டைட்டானிக்’ கப்பலின் மூன்றாம் வகுப்பிலும் தனி ஆண்களுக்கு முன்பகுதி, பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் பின்பகுதி என்ற அதே முறைதான்.

குழுவாகச் செல்லும் உல்லாசப் பயணத்தில் தனியாள் எப்படி இடம்பிடித்தார் என்பதற்கு மிக நல்ல சான்று 1867-ஆம் ஆண்டின் ‘குவேக்கர் சிட்டி’ பயணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய அந்தத் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல், ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் சுற்றுலா என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆளுக்கு 1,250 டாலர். கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால்தான் இடம் உறுதி. யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கே அறையையும் சாப்பாட்டு மேசை இருக்கையையும் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. கரையில் ஆகும் செலவுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் தங்கமாக வைத்துக்கொண்டால் போதும் என்று அறிக்கையிலேயே யோசனையும் சொன்னார்கள். விண்ணப்பித்தவர் ‘தகுதியானவர்தானா’ என்று பார்க்க ஒரு குழு இருந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் ஒரே கப்பலில் கிடக்கப்போகிறவர்களுக்குள் பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைவிட அவசியம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்தக் கப்பலில் தனியாக ஏறியவர்களில் ஒருவர் 31 வயதுப் பத்திரிகையாளர் மார்க் ட்வைன். அவருக்கான கட்டணத்தைக் கட்டியது சான் பிரான்சிஸ்கோவின் ‘ஆல்டா கலிபோர்னியா’ பத்திரிகை. கீழ்த்தட்டில் இரண்டு படுக்கையும் கைகழுவும் தொட்டியும் வெளிச்சம் வராத ஒரு கண்ணாடித் துளையும் கொண்ட அறையில், நியூயார்க் எழுதுபொருள் வணிகர் டான் ஸ்லோட் அவருக்கு அறைத்தோழர் ஆனார். பக்திமான்கள் நிறைந்த கப்பலில் புகையும் மதுவும் விலக்காத ஒருவர் வாய்த்ததில் ட்வைனுக்கு இருந்த மகிழ்ச்சி, அவர் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதத்தில் தெரிகிறது. பின்னாளில் ட்வைன் காப்புரிமை பெற்ற, தானாக ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப் புத்தகத்தைத் தயாரித்து விற்றது ஸ்லோட்டின் நிறுவனம்தான். இன்னும் பிற்காலத்தில் பண விவகாரத்தில் இருவருக்கும் கசந்தும் போனது. அதே கப்பலில் தனியாக வந்த இன்னொரு இளைஞர் சார்லஸ் லாங்டன். தம் சகோதரி ஒலிவியாவின் சிறு உருவப்படத்தை ட்வைனிடம் அவர் காட்டினார். 1870-இல் ட்வைனுக்கும் ஒலிவியாவுக்கும் திருமணம் நடந்தது.

மலாயாவுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்த அறைக் கணக்கு எதுவும் பொருந்தாது. 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை ஓடிய ‘ராஜூலா’வில் அறைச் சீட்டு வாங்கியவர்கள் சிலரே. மற்றவர்கள் டெக் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அவர்களுக்குப் படுக்கை. தனியாக வந்ததற்காக யாரும் ஒரு காசு கூடுதலாகக் கேட்கவில்லை.

படுக்கைக் கணக்கு மறைந்ததற்குக் காரணம் விமானம். 1958-இல் அட்லாண்டிக்கைக் கடந்தவர்களில் விமானத்தில் போனவர்களின் எண்ணிக்கை கப்பலில் போனவர்களை மிஞ்சியது. ஊர்போய்ச் சேர வேண்டியவர்கள் கப்பலைக் கைவிட, கப்பல் கம்பெனிகள் விடுமுறையை விற்கத் தொடங்கின. 1966-இல் மயாமியிலிருந்து ‘சன்வர்ட்’, 1972-இல் கார்னிவல் நிறுவனத்தின் ‘மார்டி கிரா’ என்று கரீபியன் உல்லாசப் பயணங்கள் பெருகின. விடுமுறைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஜோடிகள். அந்நியரோடு அறையைப் பகிர அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்? ஆகவே விற்பனையின் அலகு அறையாக மாறியது. இன்றும் கப்பல் நிறைந்துவிட்டதா என்பதை அறைக்கு இருவர் என்றே கணக்கிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கையில் குழந்தைகள் வந்தால் நிறைவு நூறு சதவீதத்தையும் தாண்டிக் காட்டும். தனியாள் ஏறினால் அறைக் கட்டணத்தில் பாதி மட்டுமல்ல, மதுக்கூடத்திலும் சூதாட்டக் கூடத்திலும் கரைச் சுற்றுலாவிலும் இன்னொருவர் செய்திருக்கக்கூடிய செலவும் கம்பெனிக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

இதற்கு மாற்றாகச் சில கம்பெனிகளும் குழுப் பயண ஏற்பாட்டாளர்களும் பழைய முறையைப் புதிய பெயரில் கொண்டுவந்தார்கள். தனியாகப் பதிவு செய்யும் இருவரை, ஒரே பாலினத்தவரா, புகைபிடிக்காதவர்களா என்று பார்த்து ஓர் அறையில் சேர்ப்பது. சில திட்டங்களில் இணை கிடைக்காவிட்டால் அதே கட்டணத்தில் தனி அறை கிடைத்தது. எல்லாரும் அவ்வளவு தாராளமாக இல்லை. இணையாக வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் மீதித் தொகை எஞ்சியவர் தலையில் விழுவதும் உண்டு. சீட்டெழுதும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

தனியாளுக்கென்றே அறை கட்டும் யோசனையைப் பெரிய அளவில் செயல்படுத்தியது 2010-இல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’. சுமார் 100 சதுர அடியில் 128 அறைகள், அவற்றில் தங்குவோர் கூடிப் பேச ஒரு பொதுக்கூடம். சப்ளிமென்ட் இல்லை. குனார்டும் 2016-இல் ‘குவீன் மேரி 2’ கப்பலைப் புதுப்பித்தபோது தனி அறைகளைச் சேர்த்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றும் அந்தக் கப்பலில் அவை மொத்தம் 15.