திருச்சியில் ஆங்கிலம் படித்த ஜெர்மன்காரர்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போட்டேன். 'வெள்ளிக்கிழமைக்குள் டெஸ்டிங்கை முடித்துவிடுவோம்' என்று சொல்ல நினைத்து 'டில் ஃப்ரைடே' என்று எழுதிவிட்டேன். வெள்ளி வரைக்கும் டெஸ்டிங் ஓடும் என்று அவர்கள் புரிந்துகொண்டு, புது வெர்ஷனை ஏற்றும் வேலையைத் திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் டீம் சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஆபீஸில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பி.இ. படிச்சிருக்கே, 'பை'க்கும் 'டில்'லுக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். இருபது வருஷம் ஆகியும் அந்தக் கேள்வி உறுத்துகிறது.

இத்தனைக்கும் தமிழில் எனக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 'அஞ்சு மணிக்குள் வா', 'அஞ்சு மணி வரைக்கும் இரு'. அரியமங்கலத்தில் எந்தக் குழந்தையும் இதை மாற்றிச் சொல்லாது. பிறகு எங்கே தப்பு நடந்தது? பள்ளிக்கூடத்தில் 'டில்' என்றால் 'வரை' என்று படித்தேன். 'பை' என்றால் 'ஆல்'. செயப்பாட்டு வினைக்காக மனப்பாடம் செய்தது. அதே 'பை' நேரத்தோடு சேர்ந்தால் 'க்குள்' ஆகிவிடும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

இதைத் துருவிக்கொண்டு போனபோதுதான், நம் ஊரிலேயே ஆங்கிலம் கற்றுக்கொண்டு பேசிய ஒருவர் மாட்டினார். கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ். 1726இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார். கப்பல் ஏறுவதற்கு முன்பே ஜெர்மனியில் தமிழ் படிக்கத் தொடங்கியவர். 1762இல் திருச்சிக்கு வந்தார். இங்கே கம்பெனியின் பட்டாளம் இருந்தது, ஆனால் அந்தச் சிப்பாய்களுக்குப் பிரசங்கம் செய்யப் பாதிரியார் இல்லை. அந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆரம்பத்தில் சொந்தமாகப் பேசவில்லை. அச்சிட்ட ஆங்கிலப் பிரசங்கப் புத்தகங்களை எடுத்து வாசித்தார். மொழி கைக்கு வந்த பிறகுதான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். 1763இல் இங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தபோது, அநாதையான பிள்ளைகளுக்காக அவர் தொடங்கியதுதான் இன்றைய வெஸ்ட்ரி பள்ளி. மலைக்கோட்டைப் பகுதியில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச்சும் 1766இல் அவர் கட்டியதே.

இப்போது என் 'டில்' கதைக்கு வருகிறேன். ஜெர்மன் மொழியில் 'வெள்ளிக்குள்', 'வெள்ளி வரை' இரண்டுக்கும் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான். அதனால் இன்றைக்கும் ஆங்கிலம் பேசும் ஜெர்மானியர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. அதாவது, பெர்லினில் இருக்கும் ஒரு இன்ஜினியர் நான் போட்ட அதே மெயிலைப் போட வாய்ப்பு உண்டு. அவருக்காவது தாய்மொழியில் ஒரே சொல் என்ற காரணம் இருக்கிறது. எனக்கு அதுவும் கிடையாது!

மற்ற தப்புகளுக்கு நமக்கும் காரணம் உண்டு. 'பஸ்ஸில்', 'சுவரில்', 'வாசலில்' என்று நாம் ஒரே 'இல்' போடும் இடங்களில் ஆங்கிலம் 'இன்', 'ஆன்', 'அட்' என்று பிரிக்கும். நமக்கு இட நுணுக்கம் தெரியாது என்று அர்த்தமில்லை. ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது: மேல், கீழ், உள், புறம், இடை, கடை என்று நீளும் பட்டியல். தேவைப்பட்டால் பிரிப்போம், இல்லாவிட்டால் 'இல்' போதும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது, எல்லா இடத்திலும் பிரித்தே ஆக வேண்டும்.

'ஆங்க்ரி ஆன் மீ' என்பது 'என் மேல் கோபம்'. 'டிஸ்கஸ் அபவுட்' என்பது 'அதைப் பற்றிப் பேசினோம்'. தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது முட்டாள்தனத்தால் வருவதல்ல. உள்ளே இன்னொரு இலக்கணம் ஒழுங்காக வேலை செய்வதால் வருவது. பழைய ஃபைல் ஃபார்மட்டைப் புது புரோகிராமில் திறந்தால் சில எழுத்துகள் கோணலாகத் தெரியுமே, அந்த மாதிரி.

ஸ்வார்ட்ஸ் 1778இல் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். 1780களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஊர்களில் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பள்ளிகள் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆங்கிலத்தைத் தானே வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர், அதைப் பிறருக்குக் கற்பிக்க வழிசெய்தார். அவரிடம் வளர்ந்த மாணவர்களில் ஒருவர், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இரண்டாம் சரபோஜி. 1798இல் ஸ்வார்ட்ஸ் இறந்தபோது, கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலத்திலேயே ஒரு கவிதை எழுதியவர் சரபோஜிதான். ஜெர்மன்காரருக்கு மராத்தி ராஜா, தமிழ்நாட்டில், இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் எழுதிய அஞ்சலி.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், தமிழ் மீடியம், மெயிலில் 'டில் மண்டே' என்று எழுதியிருந்தான். தனியாகக் கூப்பிட்டு, "க்குள்ளா, வரைக்குமா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அவனே மாற்றிவிட்டான். அன்றைக்கு என்னிடமும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.