'நேச்சுரல் ஒயின்' என்றால் என்ன? இத்தாலி மண்ஜாடிக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் என்ன தொடர்பு?

மதுரையில் தள்ளுவண்டிகளில் கறுப்பாக, விதையோடு, வாயில் போட்டதும் பன்னீர் வாசனை அடிக்கிற திராட்சையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிய பழம். அந்தப் பழத்தின் அப்பா, அம்மா இருவருமே இத்தாலியில் ஒயின் கொடுப்பவர்கள் என்றால் நம்ப முடிகிறதா?

பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 'ஸ்கியாவா கிராசா', 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா' என்ற இரண்டு ரகங்களின் கலப்பு அது. முதலாவது வட இத்தாலியின் மலைப்பகுதியில் விளைகிறது. இரண்டாவதுக்குத் தென் இத்தாலியில் 'ஜிபிப்போ' என்று பெயர். பான்டெல்லேரியா தீவில் இதைக் குழிக்குள் குட்டையாக வளர்க்கும் முறையை 2014-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பெற்றோர் பாட்டிலுக்குள் போகிறார்கள், இங்கே பிள்ளை ஜூஸ் கடைக்குப் போகிறது!

இப்போது உலகம் முழுக்கப் பேசப்படுவது அந்த இத்தாலியில் சின்னச் சின்னக் குடும்பங்கள் செய்யும் 'நேச்சுரல் ஒயின்'. அது என்ன? இங்கே ஏன் இல்லை? பார்க்கலாம்.

எது 'நேச்சுரல்'?

ஒயின் என்றாலே திராட்சைச் சாறு புளித்ததுதானே, அதில் என்ன நேச்சுரல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய ஆலைகளில் சாற்றைப் புளிக்க வைக்க, பாக்கெட்டில் வரும் ஈஸ்ட்டைப் போடுவார்கள். புளிப்பு குறைந்தால் அமிலம் சேர்ப்பார்கள். தெளிய வைக்க ஒன்று, கெடாமல் இருக்க சல்ஃபைட் என்று பட்டியல் நீளும். ஐரோப்பிய விதிப்படி, சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்ஃபைட் இருக்கலாம்.

நேச்சுரல் ஒயின்காரர்கள் இதையெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். பழத்தின் தோலிலும் கிடங்கின் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட்டே போதும். வடிகட்டுவதும் கிடையாது. அதனால் ஒயின் கலங்கலாக இருக்கும், அடியில் மண்டி தங்கும். ஒவ்வொரு வருஷமும் ருசி மாறும். இத்தாலியில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2006-ல் தொடங்கிய 'வின்நேச்சர்' போன்ற உற்பத்தியாளர் சங்கங்கள் தாங்களே விதி வகுத்து, பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று உறுப்பினர்களின் ஒயினைச் சோதிக்கின்றன. பக்கத்து நாடான பிரான்ஸ் 2020-ல் இதற்கு ஒரு முத்திரையே கொண்டுவந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'நேச்சுரல்' என்பதால் ஆல்கஹால் குறைந்துவிடாது. அதுவும் மதுதான்.

காலால் மிதிக்கும் குடும்பம், மண்ணில் புதைக்கும் தாத்தா

அப்ருட்ஸோ பகுதியில் எமிடியோ பெப்பே குடும்பம் 1964 முதல் ஒயின் செய்கிறது. வெள்ளைத் திராட்சையை இன்றும் காலால்தான் மிதிக்கிறார்கள்.

இன்னும் சுவாரஸ்யமானவர் யோஸ்கோ கிராவ்னர். ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய ஓஸ்லாவியா கிராமத்துக்காரர். எவர்சில்வர் டேங்க், புது ஓக் பீப்பாய் என்று எல்லா நவீன வழிகளையும் பார்த்துவிட்டு, 2000-ல் ஜார்ஜியா நாட்டுக்குப் போனார். அங்கே ஆள் உயர மண்ஜாடியைக் கழுத்து வரை நிலத்தில் புதைத்து, தோலோடு சேர்த்துச் சாற்றைப் புளிக்க வைக்கிறார்கள். 'க்வெவ்ரி' என்று பெயர். ஊர் திரும்பிய கிராவ்னர், 2001 முதல் அந்த மண்ஜாடிக்கே மாறிவிட்டார். வெள்ளைத் திராட்சையில் செய்தாலும் அவர் ஒயின் தேன் நிறத்தில்தான் இருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்டும். புறநானூற்றின் 120-ஆவது பாட்டில் கபிலர், பாரியின் நாட்டைப் பாடும்போது நிலத்தில் புதைத்து முதிர வைத்த தேறலைச் சொல்கிறார். பாரியின் பறம்பு மலை எது? சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் என்பார்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். 56-ஆவது பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை அருந்தி வாழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இது வெறும் புலவர் கற்பனை இல்லை. 1945-ல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்திய தரைக்கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்திலும் அதே கதைதான்.

அப்போ கம்பத்தில் ஏன் இல்லை?

இதுதான் விவசாயியைத் தொடும் கேள்வி. வட இந்தியாவில் திராட்சைக்கு சீசன் உண்டு. முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து வருஷம் முழுக்கப் பழம் பறிக்கிறார்கள். ஆனால் பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, சாறு ஜாஸ்தி. பறித்தால் நாள் கணக்கில் தாங்காது. வியாபாரி சொன்னதுதான் விலை. மழை பெய்து பழம் வெடித்தால் அந்த விலையும் இல்லை. பழத்தை ஒயினாக்கினால் காத்திருக்கலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறக்கிறது.

முதல் தடை தோட்டத்திலேயே இருக்கிறது. ஈரப்பதத்தில் செவட்டை நோயும் சாம்பல் நோயும் கொடியைத் தாக்கும், மருந்து அடிக்காமல் காப்பாற்றுவது கஷ்டம். நேச்சுரல் ஒயினுக்கோ பழத்தோலில் ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லிக்கு எது கெட்ட பூஞ்சை, எது நல்ல ஈஸ்ட் என்று எப்படித் தெரியும்? தவிர, மஸ்கட் ஹாம்பர்க்கை இத்தாலியிலும் அதிகம் சாப்பிடத்தான் விளைவிக்கிறார்கள்.

இரண்டாவது, சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன் கீழ் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்கு 'வீட்டிலேயே ஒயின்' என்று யூடியூப் பார்த்துச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இத்தாலிக் குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே பாட்டிலை விற்கும். இங்கே 2003 முதல் சில்லறை மதுக்கடை என்றால் டாஸ்மாக் மட்டும்தான். கம்பத்திலிருந்து மலை ஏறி இறங்கினால் கேரளா. அங்கே பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கென்று 2022-ல் தனி விதிகள் வந்துவிட்டன.

நம்மூர் நேச்சுரல் ஒயின்?

ஈஸ்ட் போடாமல், வடிகட்டாமல், மண்கலயத்தில் தானாகப் புளிக்கும் பானம் நம்மிடம் இல்லையா என்ன? பனங்கள் அதுதான். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நிற்கும், அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பதநீர் இறக்கலாம், கள் இறக்கினால் வழக்கு. தடையை நீக்கச் சொல்லி விவசாயிகள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். குடிப்பழக்கம் கூடும், கலப்படம் நடக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். கள்ளில் மயக்கப் பொருள் கலந்து விற்ற சம்பவங்கள் பிற மாநிலங்களில் நடந்திருப்பதால் அதையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆக, ஓஸ்லாவியாவில் மண்ஜாடியைத் திறப்பவருக்குக் காத்திருப்பது வாடிக்கையாளர். இங்கே பனையிலிருந்து இறங்குபவரின் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கக் காத்திருப்பது போலீஸ்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)