கருவுற்ற தொழிலாளியும் சட்டமும்

1981 ஆகஸ்டு 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் விமானப் பணிப்பெண்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏர் இந்தியாவின் பணிவிதிகளின்படி, பணிப்பெண் ஒருவர் 35 வயதை அடைந்தாலோ, பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரிந்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்பொழுதே பணியினின்று விலகவேண்டும். அதே விமானத்தில் உடன் பணியாற்றிய ஆடவர்களோ 58 வயதுவரை நீடிக்கலாம். நான்கு ஆண்டுகளுக்குப்பின் மணம் புரிய இடமளித்துவிட்டு, அம்மணத்தின் இயல்பான பலனுக்காக ஒருத்தியை வெளியேற்றுவது பெண்மையை இழிவுபடுத்துவதாகும் என்று கூறி, கருவுறுதல் பற்றிய விதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இத்தீர்ப்பைப் போற்றுவோர் பலர். நாமும் போற்றுகிறோம், ஆயினும் முழுமையாக அன்று. நான்காண்டுத் திருமணத் தடையை அதே தீர்ப்பு நிலைநிறுத்தியது. மூன்றாம் முறை கருவுறும்போது விலக்குவது நியாயமாகலாம் என்றும் கருதியது. வெளிப்படையான விதி வீழ்ந்தது. அதனை ஈன்ற எண்ணம் வீழவில்லை.

அவ்வெண்ணத்தின் வேரைக் காண நாம் 1919-க்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழில் மாநாடு, பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் ஆறாறு வாரங்கள் ஓய்வும் உதவித்தொகையும் வேண்டுமென்றும், அவ்விடைக்காலத்தில் பணிநீக்கம் கூடாதென்றும் உடன்படிக்கை இயற்றியது. அத்தொகையைப் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டின் வாயிலாகவோ அளிக்கவேண்டும் என்பது அதன் கருத்தாழமிக்க பகுதி. இந்தியா அதனை ஏற்றுறுதி செய்யவில்லை. 1924-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மகப்பேறு நல மசோதாவும் தோற்றது. பின்னர் 1929-இல் பம்பாயும் 1934-இல் சென்னையும் தத்தம் சட்டங்களை இயற்றின. அவை இரக்கத்தால் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் செலவு முழுவதையும் தனித்தனி முதலாளியின் தலையில் சுமத்தின.

விளைவு என்ன? 1946-இல் வெளிவந்த தொழிலாளர் விசாரணைக் குழுவின் அறிக்கை அதைக் காட்டுகிறது. கருவுற்ற அடையாளம் தென்பட்டவுடனேயே பெண்களை நீக்குவதும், மணமாகாதவரையும் கைம்பெண்களையும் பிள்ளைப்பேற்று வயதைக் கடந்தவரையும் தெரிந்தெடுத்து வேலைக்கு அமர்த்துவதும் முதலாளிகளின் வழக்கமாயிருந்தன. தாயைக் காக்க வந்த சட்டமே அவளை ஆலைவாயிலில் தடுத்து நிறுத்தியது. எந்த முதலாளியும் இதற்காகத் தன்னைக் கொடியவன் என்று எண்ணியிருக்கமாட்டான். கணக்கு பார்த்தான், அவ்வளவே. 1948-இன் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பங்களிப்பு நிதி என்னும் நேர்வழியைத் திறந்தது. எனினும் 1961-இன் மகப்பேறு நலச் சட்டம், அக்காப்பீட்டுக்குள் வராதவர்களைப் பொறுத்தமட்டில், பழைய வழிக்கே திரும்பியது. விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்டவிரோதம் என்று அது திட்டமாகச் சொன்னது. வேலையே கொடுக்க மறுக்கப்பட்டவளுக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே பாகுபாடு விண்ணப்பத் தாளுக்குள் புகுந்துகொண்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பணிநாடும் பெண்களிடம் மாதவிலக்கு நாட்களையும் முந்தைய கருப்பங்களையும் பற்றி எழுத்தில் கேட்டது. தாம் கருவுற்றிருந்ததை மறைத்ததாகத் தகுதிகாண் பருவத்திலேயே நீக்கப்பட்ட ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அக்கேள்விகளை நீக்கவும் பணித்தது. நம் பள்ளிகளின், மருத்துவமனைகளின் நிருவாகக் குழுக்களில் அமர்ந்து நேர்காணல் நடத்தும் ஆயர்கள் இவ்வழக்கைப் படிப்பது நலம். அங்கே அக்கேள்விகள் தாளில் இருப்பதில்லை. கனிவான குரலில் கேட்கப்படுகின்றன.

தாளே இல்லாதவர்களின் நிலை வேறு. டில்லி மாநகராட்சியில் குழி தோண்டியும் சாலை அமைத்தும் ஆண்டுக்கணக்கில் உழைத்த தினக்கூலிப் பெண்களுக்கு, அவர்கள் நிரந்தரப் பணியாளர் அல்லர் என்று கூறி, பேறுகால ஊதியம் மறுக்கப்பட்டது. அவர்களுக்கும் அது உரியதே என 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2017-இல் ஓய்வுக்காலம் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தபோதும், காப்பீட்டுக்கு வெளியே இருந்தவர்களின் ஊதியச் சுமை முன்போலவே தனித்தனி முதலாளியிடம் விடப்பட்டது.